கட்டிலுக்கு அடியில் 212 பிரதிகள்: சுயபதிப்பில் எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டாம்

என் முதல் சிறுகதைத் தொகுப்பை 500 பிரதி அச்சடித்தேன். நாலு வருஷம் கழித்து ஒருநாள் எண்ணிப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் 212 பிரதிகள் இருந்தன. விற்றது, அன்பளிப்பாகக் கொடுத்தது, இரவல் போய்த் திரும்பாதது எல்லாம் சேர்த்து 288. கதைகள்தான் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அச்சகத்திலும் தப்பில்லை. யார் வாங்குவார்கள் என்று யோசிக்காமலேயே எத்தனை அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அட்டை, போஸ்டர், புக்மார்க் இதையெல்லாம் அச்சு முடிந்த பிறகு மிச்சமிருந்த காசில் பார்த்துக்கொண்டேன். அச்சு முறையும் விளம்பர வடிவமைப்பும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள் என்பது இரண்டாவது புத்தகத்தின்போதுதான் உறைத்தது.

சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் நாலு வழிகள் இருக்கின்றன: மொத்தமாக ஆஃப்செட்டில் அடிப்பது, ஆர்டர் வரும்போது ஒவ்வொன்றாக அடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட், மின்நூலோடு நிறுத்திக்கொள்வது, பணத்தைக் கட்டி எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிற பேக்கேஜ்.

விற்கும் பிரதிதான் கணக்கு

ஆஃப்செட்டில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும், மெஷினில் ஏற்றி நிறம் சரிபார்க்க வேண்டும். 10 பிரதி அடித்தாலும் 1000 அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். பக்கங்கள் பாரம் பாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் தொகுதிகளாக, ஓடும். ஒரு பாரம் வழக்கமாக 16 பக்கம். உங்கள் புத்தகம் 192 பக்கத்தில் முடிந்தால் சரியாக 12 பாரம். 193ஆவது பக்கத்தில் நாலு வரி வழிந்தால் அந்த நாலு வரிக்காக இன்னொரு முறை மெஷின் ஓட வேண்டும். நன்றியுரையைச் சுருக்குவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

பிரிண்ட் ஆன் டிமாண்ட் டிஜிட்டல் அச்சு. பிளேட் கிடையாது. முதல் பிரதிக்கு என்ன விலையோ அதுதான் ஐந்நூறாவது பிரதிக்கும்.

இரண்டில் எது லாபம் என்று கேட்டால் எல்லோரும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். எந்த நாணயம் என்று பார்க்காமல் வெறும் எண்ணாக எடுத்துக்கொள்வோம். டிமாண்ட் முறையில் ஒரு பிரதிக்கு 9. ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு 1000, அதற்குமேல் பிரதிக்கு 4. வித்தியாசம் 5; 1000ஐ 5ஆல் வகுத்தால் 200. ஆக 200 பிரதிக்கு மேல் அடிப்பதாக இருந்தால் ஆஃப்செட்தான் மலிவு என்று முடித்துவிடுவார்கள். நானும் இந்த இடத்தில்தான் விழுந்தேன். 500 அடித்தால் மொத்தச் செலவு 3000. அந்த 500உம் விற்றால் பிரதிக்கு 6தான், சரி. 300 மட்டும் விற்றால்? விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் 10 செலவாகியிருக்கிறது. டிமாண்ட் முறையைவிட அதிகம். 3000ஐ 9ஆல் வகுத்துப் பாருங்கள்: 333க்குச் சற்று மேல். 500 அடிப்பவர் குறைந்தது 334 பிரதியாவது விற்றால்தான் ஆஃப்செட் லாபம். நான் 288இல் நின்றேன். அதிலும் பாதிக்குப் பாதி அன்பளிப்பு.

ஆகவே அச்சகத்தில் விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். காசு கொடுத்து வாங்குவார் என்று நீங்கள் பந்தயம் கட்டத் தயாராக இருப்பவர்களை மட்டும். 'வாசகர்கள்', 'இளைஞர்கள்' என்றெல்லாம் எழுதக்கூடாது. ஆள் பெயர், அல்லது நீங்கள் நேரில் போய்ப் பேசி விற்கக்கூடிய குழுவின் பெயர். நேர்மையாக எழுதினால் முதல் புத்தகக்காரர் பலருக்குப் பட்டியல் நூறைத் தாண்டாது. தாண்டாவிட்டால் டிமாண்ட். பயிற்சி வகுப்பு நடத்துபவர், மேடைப் பேச்சாளர், ஏற்கெனவே ஒரு கூட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் என்றால் ஆஃப்செட்டைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். முன்பதிவு வாங்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அது ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரே கையொப்பக்காரர்களைத் தேடி அலைந்துதான் அச்சுச் செலவைச் சமாளித்தார்.

கடை வழியா, கை வழியா

டிமாண்ட் முறையிலும் எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாகும். அட்டை விலை 20, அச்சுச் செலவு 9 என்று அதே எண்ணை வைத்துக்கொள்வோம். அமேசானின் கே.டி.பி. (நம் புத்தகத்தை நாமே ஏற்றி விற்கும் சேவை) அமேசான் தளத்தில் விற்கும் பேப்பர்பேக்குக்கு விலையில் 60 சதவீதத்தை எடுத்து அதிலிருந்து அச்சுச் செலவைக் கழிக்கும்: 12இல் 9 போக 3. (2025 ஜூன் முதல், குறைந்த விலை வைக்கிற புத்தகங்களுக்கு அந்த 60 என்பது 50 ஆகிவிட்டது.) மற்ற கடைகளுக்கும் போகட்டும் என்று விரிவான விநியோகத்தைத் தேர்ந்தெடுத்தால் 40 சதவீதம், அதாவது 8. அச்சுக் கூலிக்கே காணாது; விலையை ஏற்றியாக வேண்டும். இங்கிராம்ஸ்பார்க் (கடைகளுக்கு விநியோகிக்கும் இன்னொரு டிமாண்ட் அச்சுச் சேவை) வழியாகப் புத்தகக் கடைகளுக்குப் போக 55 சதவீதத் தள்ளுபடி வைத்தால் மிச்சம் 9, அதுவும் அச்சுக்கே சரியாகிவிடும். அதற்குமேல் கடைக்காரர் விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பினால் அந்தச் செலவும் உங்கள் தலையில். ஆசிரியர் பிரதியாக, அதாவது அச்சுச் செலவை மட்டும் கொடுத்து, 9க்கு வாங்கி நீங்களே நேரில் 20க்கு விற்றால் தபால் செலவைச் சேர்க்காமல் 11 நிற்கும்.

நேரில் விற்கிற ஒரு பிரதி, தளத்தில் விற்கிற ஏறக்குறைய மூன்றரைப் பிரதிக்குச் சமம். இந்த ஒரு விகிதத்தைப் பார்த்தாலே எந்த விளம்பரப் பொருளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு தளம் மின்நூலுக்கு ஏற்கிற மொழிகளை எல்லாம் அச்சுப் பிரதிக்கும் ஏற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மொழிப் பட்டியலைப் பார்த்துவிட்டு அப்புறம் லே-அவுட்டைத் தொடங்குங்கள்.

மின்நூலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அச்சுச் செலவு கிடையாது, கையிருப்பு கிடையாது, பிழை தெரிந்தால் மறுநாளே திருத்தலாம். கே.டி.பி.யில் ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். 70 வேண்டுமென்றால் விலை குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும், கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புகைக் கட்டணமும் பிடிப்பார்கள். படம் நிறைந்த புத்தகத்துக்கு அந்தக் கட்டணம் கடிக்கும். கே.டி.பி. செலக்ட் என்ற விருப்பத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்நூலை வேறு எங்கும் விற்கக்கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புத்தகம் உங்கள் தொழிலுக்கு ஒரு அறிமுகம் மாதிரி என்றால் மின்நூல் மட்டுமே போதாது. கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். நாவல் தொடர் எழுதுபவருக்குப் போதும்.

பேக்கேஜ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. எடிட்டிங், அட்டை, அச்சு, பத்திரிகைச் செய்தி, விசிட்டிங் கார்டு, 'சர்வதேச விநியோகம்' என்று ஒரு நீளமான பட்டியல் வரும். அந்தச் சர்வதேச விநியோகம் என்பது பெரும்பாலும் நீங்களே கணக்குத் தொடங்கி ஏற்றக்கூடிய அதே தளங்கள்தான். பணமும் வாங்கி, பதிப்புரிமையிலும் கை வைக்கும் ஒப்பந்தம் என்றால் வேண்டவே வேண்டாம். நேரமே இல்லை, பணம் இருக்கிறது என்பவர் போகலாம், ஆனால் நாலு கேள்வி கேட்டுவிட்டு: உரிமை யாரிடம்? அட்டையின் மூலக் கோப்பும் உள்பக்கக் கோப்பும் என் கைக்கு வருமா? ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்) யார் பெயரில்? விற்பனைக் கணக்கை நானே நேரடியாகப் பார்க்க முடியுமா? நாலில் ஒன்றுக்கு மழுப்பல் வந்தாலும் எழுந்துவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். பற்றி ஒரு வார்த்தை. 2007 முதல் அது 13 இலக்கம். அச்சுப் பதிப்பு, கெட்டி அட்டை, மின்நூல் என ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண். கே.டி.பி. மின்நூலுக்கு அது கட்டாயம் இல்லை. தளம் இலவசமாகத் தரும் எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது. பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் பதிப்பகப் பெயரும் வராது. சில நாடுகளில் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, சிலவற்றில் காசு. ஒரே தளத்தோடு நிற்பவர் இலவச எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது புத்தகமும் வரும் என்று நம்புபவர் சொந்த எண் வாங்குவது நல்லது.

அட்டை யார் கையில்

வடிவமைப்பில் மூன்று வழிகள். கேன்வா மாதிரி டெம்ப்ளேட் கருவியில் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது. எல்லாவற்றையும் ஒரு டிசைனரிடம் கொடுப்பது. அட்டையை மட்டும் டிசைனரிடம் கொடுத்து, மிச்சத்தை அந்த அட்டையிலிருந்தே நாம் பிரித்தெடுப்பது.

நான் மூன்றாவதன் கட்சி. போஸ்டர், புக்மார்க், சமூக ஊடகப் படம், பத்திரிகைக்காரருக்கு அனுப்பும் ஒருபக்கக் குறிப்பு எல்லாவற்றிலும் நடுவில் உட்காரப்போவது அந்த அட்டைதான். அட்டை நன்றாக இருந்தால் வெள்ளைப் பின்னணியில் அதை வைத்து, கீழே ஒரு வரி எழுதினாலே போஸ்டர் ஆகிவிடும். அட்டை சொதப்பினால் எத்தனை டெம்ப்ளேட் போட்டாலும் ஒப்பேற்ற முடியாது.

ஆனால் டிசைனரிடம் என்ன வாங்குகிறோம் என்பது முக்கியம். வெறும் ஜேபெக் வாங்கி வந்தால் மூன்றாவது வழி அடைபட்டுவிடும். அடுக்குகள் (லேயர்) தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர், நிறங்களின் எண், படத்தை எங்கிருந்து எந்த உரிமத்தில் எடுத்தார் என்ற விவரம் ஆகியவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சிலர் மூலக் கோப்புக்குத் தனியாகக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், அது நியாயமான செலவு. எத்தனை முறை திருத்தம் செய்து தருவார் என்பதையும் பேசிவிட வேண்டும். 'கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்' என்று ஏழாவது முறை சொல்கிறவரை எந்த டிசைனரும் தாங்க மாட்டார்.

இன்னொன்று: முழு அட்டையை, அதாவது முன்பக்கம், முதுகு, பின்பக்கம் சேர்ந்த விரிப்பை, பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவாகாமல் செய்யவே முடியாது. கே.டி.பி. கணக்கில் வெள்ளைத் தாள் ஒரு பக்கத்துக்கு 0.002252 அங்குலம், க்ரீம் தாள் 0.0025. 200 பக்கப் புத்தகத்துக்கு வெள்ளைத் தாளில் முதுகு 11.4 மி.மீ., க்ரீமில் 12.7. கடைசி நேரத்தில் தாளை மாற்றினால் முதுகில் இருக்கும் தலைப்பு முன்னட்டைப் பக்கம் எட்டிப்பார்க்கும். 80 பக்கம்கூட இல்லாத புத்தகத்துக்கு அவர்கள் முதுகில் எழுத்தே அச்சிடுவதில்லை. கவிதைத் தொகுப்பு போடுபவர்கள் இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் ஒரு ஏமாற்றம் மிச்சம்.

தமிழ் எழுத்து படுத்தும் பாடு

இங்கேதான் என் ஆயிரம் புக்மார்க் கதை வருகிறது. தலைப்பில் 'கோடை' என்ற சொல் இருந்தது. வீட்டுக் கணினியில் அழகாக இருந்த கோப்பை அப்படியே, எடிட் செய்யும் வடிவத்திலேயே, ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. வந்து சேர்ந்த கட்டைப் பிரித்தால், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நிற்கிறது, கொம்புக்கும் காலுக்கும் நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். ஆயிரத்திலும் அதே வட்டம். ஒருபக்க அச்சு என்பதுதான் ஒரே ஆறுதல்.

தப்பு என்னுடையது. அனுப்புவதற்கு முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றி, பி.டி.எஃப். ஆக்கி, அதை இன்னொரு கணினியில் திறந்து பார்த்திருக்க வேண்டும். டிசைனர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர் என்றால் அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்துக்கோப்பு அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். சாதாரண கம்போசரில் தமிழ்க் கொம்புகள் இப்படித்தான் இடம் மாறும். இலவச மென்பொருள் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸின் புதிய பதிப்புகள் ஆகியவை தமிழைச் சரியாகக் கோக்கின்றன.

அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. டிடிபி செய்பவர்கள் சிலர் இன்னும் பாமினி மாதிரி, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டைப் பின்பற்றாத பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்தக் கோப்பை மின்நூலாக்கப் போனால் ஒரு எழுத்தும் தேறாது, தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றி மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். 'யூனிகோடில் வேண்டும்' என்ற இரண்டு சொல் பின்னால் ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். நோட்டோ, கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை என்று வணிகத்துக்கும் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவை அட்டையில் போட்டுவிட்டுப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தை அட்டைக்குப் போடலாமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் கே.டி.பி. 2023 செப்டம்பரிலிருந்து அதைத் தங்களிடம் தெரிவிக்கச் சொல்கிறது, அட்டைப் படமும் அதில் அடக்கம். முழுக்க இயந்திரமே உண்டாக்கிய படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை. ஆக உங்கள் அட்டைப் படத்தை வேறொருவர் எடுத்துப் போட்டால் சண்டை போட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தமிழில் தலைப்பு எழுதச் சொன்னால் தமிழ் மாதிரியே இருக்கிற ஏதோ ஒன்று வருவதும் உண்டு. தலைப்பை நீங்களே எழுத்துருவில் வையுங்கள்.

எதை அச்சடிப்பது, எதை விடுவது

நேரில் விற்பதா, தளத்தில் விற்பதா என்ற பழைய கேள்விக்கு வருவோம். பட்டியலில் இருப்பவர்களை நேரில் பார்க்கப்போகிறீர்கள் என்றால் புக்மார்க்கும் ஒரு போஸ்டரும் உதவும். புக்மார்க்கை யாரும் தூக்கி எறிவதில்லை. துண்டறிக்கை வாசலைத் தாண்டாது. தளம் மட்டும்தான் என்றால் அச்சுப் பொருள் எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தை அட்டைக்கும், பின்னட்டை வாசகத்தை ஒரு நல்ல எடிட்டர் பார்ப்பதற்கும் கொடுங்கள். தளத்தில் உங்கள் புத்தகம் முதலில் தெரிவது கட்டைவிரல் நக அளவில். கிண்டில் அட்டைக்கு 2560-க்கு 1600 பிக்சலில் கோப்புக் கேட்பார்கள், ஆனால் வாங்குபவர் பார்ப்பது அதில் பத்தில் ஒரு பங்கு உயரம்கூட இருக்காது. டிசைனர் அனுப்பும் மாதிரியை 150 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துத் தலைப்பை வாசித்துப் பாருங்கள். என் முதல் அட்டையில் அந்த அளவில் தெரிந்தது ஒரு பழுப்புத் திட்டு, அதன்மேல் இன்னொரு பழுப்புத் திட்டு.

விசிட்டிங் கார்டு, காபிக் கோப்பை, டி-சர்ட் எல்லாம் மனசுக்கு இதம். விற்பனைக்கு ஒன்றும் செய்யாது.

நீங்களே செய்யும் அச்சுப் பொருளுக்கு மூன்று விஷயம் போதும். வெட்டும் ஓரத்தைத் தாண்டி நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது வெள்ளை தெரியாதபடி கூடுதலாக நீட்டும் பின்னணி. அச்சாகும் அளவில் 300 டி.பி.ஐ. படம். நிறம் சி.எம்.ஒய்.கே., அதாவது அச்சு மைகளின் நிறமுறை; திரையின் ஆர்.ஜி.பி.யில் மின்னுகிற நீலமும் கிளிப்பச்சையும் தாளில் மங்கிப்போகும், அதை முன்பே பார்த்துவிட்டால் அதிர்ச்சி இல்லை. சமூக ஊடகத்துக்குப் போகும் படம் ஆர்.ஜி.பி.யிலேயே இருக்கட்டும்.

கியூ.ஆர். கோடு போடுவதானால் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் கறுப்பாக, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டுப் போடுங்கள். அது நேரே கடையின் பக்கத்துக்குப் போகாமல் உங்கள் சொந்தப் பக்கம் ஒன்றுக்குப் போகட்டும். கடை மாறினால் அங்கே இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். 'டைனமிக்' கோடு (அச்சடித்த பிறகும் இணைப்பை மாற்றக்கூடியது) இலவசம் என்று தரும் தளங்களில் கவனம். சந்தா முடிந்ததும் கோடு செத்துவிட்டால், அச்சடித்த போஸ்டரை ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வழியில் போனாலும் மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி வரவழைத்துப் பாருங்கள். திரையில் கண்ணில் படாத பிழைகள் தாளில் பல்லைக் காட்டும். நடுவில் விரித்து உள்விளிம்பைப் பாருங்கள், எழுத்து தையலுக்குள் ஓடுகிறதா என்று. கறுப்பு அட்டைக்கு மேட் லேமினேஷன் கேட்டிருந்தால் விரலால் ஒரு தடவு தடவுங்கள். ரேகை அப்படியே பதியும். பிடிக்கவில்லை என்றால் கிளாஸுக்கு மாற்ற அப்போதும் நேரம் இருக்கும்.

இரண்டாவது புத்தகத்துக்குப் பெயர்ப் பட்டியல் 83இல் நின்றது. டிமாண்ட் முறையில் 60 ஆசிரியர் பிரதி வாங்கினேன், தீர்ந்ததும் இன்னொரு 40. ஆஃப்செட்டுக்குப் போகவிருந்த பணத்தில் பாதி அட்டைக்குப் போனது. புக்மார்க் அடிக்கவில்லை. பழைய ஆயிரத்தில் இன்னும் ஒரு கட்டு மிச்சமிருக்கிறது. இந்தக் கட்டுரைக்கான கணக்குகளைக்கூட அதன் வெள்ளைப் பக்கத்தில்தான் போட்டுப் பார்த்தேன்.